ஈறு வைத்த கம்பித்தட்டு

பல் டாக்டர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு "ம்ம்" என்றார். அந்த "ம்ம்"முக்கு ஊரே பயப்படும். முப்பது வருஷமாக அந்த ஒரு சத்தத்தைக் கேட்டுத்தான் தபால்கார அம்மாள் முதல் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் வரை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். இன்று அதைக் கேட்டது தோட்டத்து மூலையில் கிடந்த பார்பிக்யூ அடுப்பு. அது பாவம், எதைப் பிடிக்கும்?

மூன்று வருஷமாக அதை யாரும் திறக்கவில்லை. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபிறகு, இரண்டே பேருக்காக யார் கரியைப் பற்றவைத்துப் புகையில் நிற்பது என்று விட்டுவிட்டார்கள். தார்ப்பாயின் ஓட்டை வழியாக மழை தன் பாட்டுக்கு உள்ளே வந்து போயிருந்தது. உணவை வைத்துச் சுடும் வார்ப்பிரும்புக் கம்பித்தட்டு முழுக்கச் செங்கல் நிறம். தொட்டால் விரலில் பொடி ஒட்டியது. கம்பிகளுக்கு நடுவே பழைய கொழுப்பு கருப்பாக இறுகி, அதன்மேல் துரு, அதன்மேல் ஒரு சிலந்தியின் குடித்தனம்.

மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். கீழே கிளினிக், மேலே வீடு, பின்னால் இந்தத் தோட்டம் என்று அவர்கள் வாழ்க்கை மொத்தமும் ஒரு படிக்கட்டுக்குள் அடங்கிவிடும். கிளினிக்கில் அவருக்கு உதவியாளரும் அவள்தான்.

"என்னங்க, அதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு வாங்கிக்கலாமே. சாயங்காலம் பொண்ணும் மாப்பிள்ளையும் வர்றதுக்குள்ள கடைக்குப் போய்ட்டு வந்துடலாம்."

"இது என்ன சொத்தைப் பல்லா, பிடுங்கிப் போட? மேலதான் துரு. உள்ள இரும்பு நல்லா இருக்கு."

"இன்னிக்கி ஒரு நாள்தான் லீவு. அதுலயும் சுரண்டணுமா?"

"சுரண்டற கைக்கு லீவு குடுத்தா கெட்டுப் போயிடும்" என்றார். சொன்னபிறகு தன் வார்த்தையே தன்னைச் சுட்டதுபோல் குனிந்துகொண்டார்.

செய்முறை அவருக்கு அத்துப்படி. வினிகர் பாதி, தண்ணீர் பாதி. அது துருவைத் தின்னும், விட்டால் இரும்பையும் தின்னும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறவிடக் கூடாது. மகள் குழந்தையாக இருந்தபோது குளித்த பிளாஸ்டிக் தொட்டி பரண்மேல் கிடந்தது. அதைத் துடைத்து, தட்டைப் படுக்க வைத்து, மூழ்கும்வரை ஊற்றினார். பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் கம்பிகளிலிருந்து குட்டிக் குட்டிக் குமிழிகள் கிளம்பின. ஒன்று விடுபட்டு மேலே வரும், உடையும், அந்த இடத்தில் இன்னொன்று பிறக்கும். தண்ணீர் மெல்லப் பழுப்பாகியது. ஞாயிற்றுக்கிழமை காலைக்கு என்று ஓர் அமைதி உண்டு. தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள், மேலே மனைவி ஈரத் துணியை உதறினாள், அந்தச் சத்தங்கள் எல்லாம் வெகு தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தன. குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு நேரம் போனதே தெரியவில்லை.

வலது கையை மடியில் வைத்துப் பார்த்தார். சும்மா கிடந்தது. குறும்புப் பிள்ளை வாத்தியார் பார்க்கும்போது மட்டும் கை கட்டி உட்காருவதில்லையா, அந்த மாதிரி.

மூன்று வாரமாக அந்தக் கை நடுங்குகிறது. எப்போதும் இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஏதாவது மெல்லிசாக ஒன்றைப் பிடித்தால், அதுவும் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், நடுக்கம் வந்துவிடும். புதன்கிழமை தபால்கார அம்மாளின் கீழ்வரிசையைச் சுத்தம் செய்தபோது கருவி வழுக்கி ஈறில் குத்திவிட்டது. ஒரே ஒரு சொட்டு ரத்தம். "என் ஈறுக்கு அறிவு கிடையாது டாக்டர், குறுக்க வந்து நிக்குது" என்று அந்த அம்மாள் சிரித்துவிட்டுப் போனாள். அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவியிடம்கூட.

சொல்லாமல் எத்தனை நாள் ஓட்டலாம் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் நாளைக் காலை ஒன்பது மணிக்கு அந்த நாற்காலியில் மகள் உட்காரப் போகிறாள். வலப்பக்கம் கீழ்க்கடைவாய்ப் பல். சொத்தை வேர் வரை போய்விட்டது. முடியளவு மெல்லிய கம்பியை வேருக்குள் விட்டு, உள்ளே இருக்கிற அழுகலை எடுக்க வேண்டும். அவள் ஊரில் பல் டாக்டருக்குப் பஞ்சமில்லை. அவ்வளவு ஏன், இவருடைய கிளினிக்குக்கு எதிரிலேயே போன வருஷம் ஒரு பெண் முழுக்கக் கண்ணாடி வைத்து ஒரு கிளினிக் திறந்திருக்கிறாள். இவர் அதற்கு மீன் தொட்டி என்று பெயர் வைத்து, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். மகளோ, "எங்கப்பா கையத் தவிர யார் கையும் என் வாய்க்குள்ள வரக் கூடாது" என்று சொல்லி, வலியோடு இரண்டு வாரத்தைத் தள்ளிவிட்டு வருகிறாள்.

முடியாது என்று சொன்னால் அவள் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், அப்புறம் அவர் யார்? காலையில் எழுந்து எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எந்த அறைக்குள் போவார்? அதனால் இன்று விடிந்தும் விடியாமல் படுக்கையில் கிடந்தபடியே ஒரு முடிவு எடுத்திருந்தார். கையைச் சோதித்துப் பார்த்துவிடுவது. யார் வாயும் இல்லாமல்.

இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டை வெளியே எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். கருப்பு உரிந்தது, சிவப்பு கரைந்தது, அதற்கடியில் சாம்பல் நிறத்தில் இரும்பு வெளியே வந்து கூச்சத்தோடு நின்றது. அலசி, ஈரம் நின்றால் மறுபடி துரு பிடிக்கும் என்று உடனே துணியால் ஒற்றி, வெயிலில் சாய்த்து வைத்தார். பெரிய துருவெல்லாம் போய்விட்டது. கம்பி ஒவ்வொன்றும் சட்டத்தோடு சேருகிற மூலையில் மட்டும் பிரஷ் போகாமல் சிவப்பு அப்படியே தங்கியிருந்தது.

எண்ணினார். பதினாறு கம்பி, கம்பிக்கு இரண்டு முனை. முப்பத்திரண்டு. தற்செயல்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு பல் டாக்டரிடம் போய் முப்பத்திரண்டு தற்செயல் என்று சொல்லிப் பாருங்கள்.

கிளினிக்குக்குள் போய், ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கருவி ஒன்றை எடுத்தார். பல்லில் ஒட்டிய காரையைச் சுரண்டும் கருவி, நுனியில் கொக்கிபோல் வளைந்தது. கூடவே இளஞ்சிவப்பு மெழுகுத் தகடும். செயற்கைப் பல் வரிசை செய்யும்போது ஈறுக்குப் பதிலாக வைக்கிற மெழுகு அது. தோட்டத்துக்கு வந்து, மெழுகைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, உள்ளங்கைச் சூட்டில் இளக்கி, தட்டின் சட்டம் நெடுக, ஒவ்வொரு கம்பியின் அடியிலும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். அரை மணி நேரத்தில் அடுப்புத் தட்டுக்கு மேலும் கீழும் ஈறு வந்துவிட்டது. சுற்றிலும் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது பார்த்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள்.

விதி இதுதான். முப்பத்திரண்டு மூலையிலும் துருவை எடுக்க வேண்டும், மெழுகில் ஒரு கீறல்கூட விழக் கூடாது. விழவில்லையென்றால் நாளைக்கு மகளின் பல்லில் கை வைக்கலாம். விழுந்தால் என்ன என்பதை அவர் முடிவு செய்யவில்லை. அந்தப் பக்கம் மனசைப் போகவிடவே இல்லை.

மதியம் மனைவி தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். அவர் கம்பித்தட்டைத் துண்டால் மூடி மறைத்ததை, அதில் குழம்பு தெறிக்காமல் இருக்க என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவித் தொடங்கினார்.

முதல் மூலை. கொக்கியை வைத்து மெதுவாக இழுத்தார். சிவப்புத் தூள் கோடாக உதிர்ந்தது. மெழுகு மெழுகாகவே இருந்தது. இரண்டு, மூன்று, நான்கு. வாய்விட்டே பேசத் தொடங்கினார், கிளினிக்கில் பேசுவதுபோல. "கொஞ்சம்தான், இப்ப முடிஞ்சுடும், இன்னும் பெரிசாத் திறங்க." தட்டு மறுபேச்சுப் பேசாமல் திறந்தே இருந்தது. இவ்வளவு நல்ல நோயாளி அவருக்கு வாய்த்ததில்லை. மேலே கட்டியிருந்த நிழல்வலை வழியாக வெயில் சல்லடையாக இறங்கி, மெழுகின்மேலும் கையின்மேலும் புள்ளி புள்ளியாக நகர்ந்தது. வயிறு நிறைந்த மயக்கம். வினிகர் வாசனை. ஒரு வண்டு ஒரே சுருதியில் எங்கேயோ ரீங்கரித்தது.

பன்னிரண்டு வரை தெளிவாக ஞாபகம் இருந்தது. பதின்மூன்றில் கை நடுங்கி, கொக்கியின் நுனி மெழுகைத் தொட்டது. சின்னக் கீறல், நகக்கண் அளவு. அவர் அதைப் பார்த்தார், பார்க்காததுபோல் அடுத்ததற்குப் போனார். மறுபடி ஒன்று. வெயில் புள்ளியா கீறலா என்று தெரியவில்லை. கண் சொருகியது. ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்ததை ஆரம்பிப்பதற்குள் ஒரு யுகம் போனது. எண்ணிக்கொண்டே இருந்தார், இருபத்தேழு, இருபத்தெட்டு.

பிறகு தோட்டம் நிறைய நோயாளிகள். செடிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு, முப்பது வருஷத்து ஆட்களும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திறந்த வாய்க்குள் எல்லாம் வெயில் அடித்தது. அவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போனார். ஒவ்வொரு வாயிலும் கை வழுக்கியது. ஒருவரும் கத்தவில்லை. "பரவால்ல டாக்டர், பரவால்ல" என்று மரியாதையாகச் சொன்னார்கள். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. கடைசி நாற்காலியில் இருந்தது யார் என்று அவருக்குத் தெரியும். அங்கே போகாமல் செடிகளைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

விழித்தபோது நிழல் இடம் மாறியிருந்தது. கருவி மடியில் கிடந்தது. தட்டு முன்னால் சாய்ந்து நின்றது. முப்பத்திரண்டு மூலையும் சுத்தம், ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. மெழுகைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாக, மேல்வரிசை முழுக்க, பிறகு கீழ்வரிசை முழுக்கப் பார்த்தார்.

ஒரு கீறல் இல்லை.

திரும்ப ஒரு முறை பார்த்தார். வழுவழுவென்று இருந்தது. அப்படியானால் அந்தக் கீறல்கள்? கனவு. பதின்மூன்றிலேயே தூங்கத் தொடங்கியிருக்கிறார், அரைத் தூக்கத்தில் வேலையை முடித்திருக்கிறார், வழுக்கியதெல்லாம் கனவில். கை தூக்கத்தில்கூடத் தன் வேலையை மறக்கவில்லை. எழுந்து நின்று, யாரும் இல்லாத தோட்டத்தில், ராகம் தெரியாத ஒரு பாட்டைப் பாதியிலிருந்து பாடினார்.

தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தபோது மனைவி சமையலறையில் சோளக்கதிர்களை உரித்துக்கொண்டிருந்தாள். ஓவன் சூடாகிக்கொண்டிருந்தது. துரு போன இரும்பு பச்சைக் குழந்தை மாதிரி. உடனே மெல்லிசாக எண்ணெய் தடவி, ஓவனில் கவிழ்த்து வைத்து, ஒரு மணி நேரம் சுட்டு எடுத்தால்தான் கருப்புத் தோல் பிடிக்கும், மறுபடி துரு வராது.

"அந்த மெழுக மொதல்ல எடுங்க. அதோட உள்ள வெச்சா வீடு பூரா கிளினிக் வாசனை அடிக்கும்" என்றாள்.

"எடுக்கறேன், எடுக்கறேன். நாளைக்குக் காலையில எல்லாத்தையும் ஒம்பது மணிக்கு முன்னாடியே ரெடியா எடுத்து வெச்சுடு. அரை மணி நேரத்துல முடிச்சுக் காட்டறேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு உற்சாகத்தை அவள் பார்த்துப் பல நாள் ஆகியிருக்கும். சோளத்துக்குத் திரும்பினாள்.

ஜன்னலோரம் நின்று மெழுகை உரித்தார். முதல் கீற்று முழுசாக வந்தது. வெளிச்சத்தில் பிடித்து ரசித்தார். அழகாக மின்னியது. மின்னியது என்பதுதான் முதலில் உறுத்தியது. விரலால் அழுத்தி ஒட்டிய மெழுகு மின்னாது. சூடான கரண்டியால் தடவி, ஈரப்பஞ்சால் துடைத்தால்தான் அந்த மினுமினுப்பு வரும். இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். முப்பத்திரண்டு இடத்தில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தியிருந்தார். அந்த ரேகை ஒன்றுகூட இல்லை.

"இந்த மெழுக நீ தொட்டியா?"

"ஆமா. சாப்பிட்ட தட்ட எடுக்க வந்தேன். நீங்க நல்லாத் தூங்கிட்டு இருந்தீங்க. பாத்தா, அடுப்புத் தட்டுக்கு ஈறு கட்டி வெச்சிருக்கீங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல." அவள் இன்னும் சிரித்துக்கொண்டே ஒரு கதிரின் நாரைப் பிய்த்தாள். "அங்கங்க கீறிக் கெடந்துச்சு. கை சும்மா இருக்குமா? கிளினிக்குக்குள்ள போய் மெழுகு தடவற கரண்டியக் காய வெச்சு எடுத்துட்டு வந்து தடவி விட்டேன். முப்பது வருஷப் பழக்கம்."

அது உண்மை. அவர் செய்கிற ஒவ்வொரு மெழுகு வரிசையையும் கடைசியில் தடவி வழவழப்பாக்குவது அவள் வேலை. எத்தனை இடத்தில் குறை இருக்கிறது என்று எண்ணிச் சொல்லிவிட்டுத்தான் தடவுவாள்.

அவர் மெழுகுக் கீற்றை ஜன்னல் திண்டில் வைத்தார்.

"எத்தனை இருந்துச்சு?"

அவர் கேட்ட விதத்தில் அவளுடைய கை நின்றது. அவரைப் பார்த்தாள், பிறகு தட்டைப் பார்த்தாள், ஜன்னல் திண்டில் இருந்த மெழுகைப் பார்த்தாள். வரிசை வரிசையாக அந்த மூலைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஈறு. சிரிப்பு அவள் முகத்தைவிட்டுப் போனது. அது விளையாட்டு இல்லை என்பதும், தான் எதைத் தடவி அழித்தோம் என்பதும் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஒன்றிரண்டு என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், நம்பத் துடித்துக்கொண்டு நின்றார். அவள் வாய்வரை அது வந்தது என்பதை அவரால் பார்க்க முடிந்தது. முன்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினொண்ணு, டாக்டர்."

வீட்டில் அவள் அவரை ஒரு நாளும் டாக்டர் என்று கூப்பிட்டதில்லை. மேலே என்னங்க, கீழே டாக்டர். படிக்கட்டுதான் எல்லை.

ஓவன் சூடேறிவிட்டது என்று மணி அடித்தது.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும். கஷ்டமான கேஸை எல்லாம் காலையிலயே போட்டுட்டு இருக்கேன். காலையில உங்க கை கொஞ்சம் அடங்கி இருக்கு."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

அவர் மூன்று வாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஐந்து வாரமாகத் தனக்கே தெரியாத ஒன்றை இவள் தனியாகச் சுமந்திருக்கிறாள். கோபம் வர வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரில் அவளும் உட்கார்ந்தாள்.

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

அவள் எழுந்து எண்ணெய்க் கிண்ணத்தையும் பழைய துணியையும் மேஜைமேல் வைத்தாள். மெழுகை எல்லாம் உரித்துப் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்து கம்பி கம்பியாக எண்ணெய் தடவினார்கள். மெல்லிசாக, தடவியதே தெரியாத அளவுக்கு. அவர் கை நடுங்கத்தான் செய்தது, மறைக்கவும் இல்லை. எண்ணெய் தடவுவதற்கு நடுக்கம் ஒரு குறையே இல்லை. சாம்பல் நிற இரும்பு ஈரமாகக் கருத்துக்கொண்டு வந்தது. கவிழ்த்து ஓவனில் வைத்துக் கதவை மூடியபோது, சூடான எண்ணெயும் இரும்பும் கலந்த வாசனை மெல்ல வீடு முழுக்கப் பரவியது. அந்த ஒரு மணி நேரமும் ஓவன் கண்ணாடிக்குப் பின்னால் தட்டு கருப்பாவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மகளும் மாப்பிள்ளையும் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தோட்டத்தில் கரி சிவந்து கிடந்தது. தட்டு கடையிலிருந்து வந்ததுபோல் பளபளத்தது. மீனும் சோளமும் ஒட்டாமல் புரண்டன. "மாமா, புதுசா வாங்கினீங்களா?" என்று மாப்பிள்ளை கேட்டார். மனைவி, "உங்க மாமா வைத்தியம் பாத்தாரு" என்றாள். மகள் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, இடப்பக்கமாகவே மெதுவாக மென்றாள். ஒவ்வொரு வாய்க்கும் அவள் கண் சுருங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு எதுவும் உள்ளே போகவில்லை.

"நாளைக்கு நான் பண்ண மாட்டேம்மா" என்றார்.

"எதப்பா?"

"உன் பல்லை. என் கை நடுங்குது. ரெண்டு மாசமா. இன்னிக்கி சோதிச்சுப் பாத்தேன், பதினொரு தடவை வழுக்கிடுச்சு. எதிர்ல அந்தப் பொண்ணு இருக்காளே, அவ நல்லாத்தான் பண்ணுவா. நான் அவளப் பத்திச் சொன்னதெல்லாம் சும்மா. பொறாமை."

மகள் மெல்லுவதை நிறுத்தினாள். அப்பாவின் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். கரியில் எண்ணெய் சொட்டி ஒரு முறை சீறியது. அவள் அழுதுவிடுவாள் என்று அவர் நினைத்தார். தான்தான் முதலில் அழுவோம் என்றும் நினைத்தார்.

"மீன் தொட்டிக்கா போகணும்?" என்றாள் கடைசியில், குழந்தைக் குரலில்.

"ஆமா."

"நீங்க கூட வரணும். வெளியில நிக்கக் கூடாது. உள்ள."

"உள்ளதான் வருவேன்."

"உங்க கைக்கு யாரப் பாக்கப் போறீங்க?"

மனைவி சோளத்தைத் திருப்பியபடி, "செவ்வாக்கிழமைக்கு நரம்பு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கி வெச்சிருக்கேன். எப்படிச் சொல்றதுன்னுதான் ஒரு வாரமா யோசிச்சுட்டு இருந்தேன்" என்றாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு, தன் கிளினிக்கின் ஷட்டரைத் திறக்காமல், வெள்ளைக் கோட்டுப் போடாமல், மகளோடு தெருவைக் கடந்தார். வெளியிலிருந்து பார்க்கும்போதுதான் அது மீன் தொட்டி. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் தெருதான் தண்ணீருக்குள் கிடந்தது. பச்சைக் கண்ணாடிக்கு அப்பால் சைக்கிள்களும் கைவண்டிகளும் சத்தமில்லாமல் நீந்திப் போயின. தபால்கார அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மிதந்து வந்து, அவர் கிளினிக் வாசலில் நின்று, மூடியிருந்த ஷட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நகர்ந்தாள். அவருக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. மகள் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து படுத்திருந்ததால் உட்கார்ந்திருந்தார்.

ஊசி போட்டு மரத்தபிறகு, இளம் டாக்டர் குனிந்தாள். கருவியை உள்ளே கொண்டுபோனவள் நிறுத்தி, முகமூடிக்குப் பின்னாலிருந்து சிரித்தாள்.

"பயப்படாதீங்க, வலிக்காது. கை இப்படி ஆடினா நாற்காலியே ஆடுது பாருங்க."

வாயைத் திறந்து வைத்திருந்த மகளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கண்ணை மட்டும் அப்பாவின் பக்கம் திருப்பினாள். இளம் டாக்டரும் அவரைப் பார்த்தாள். ஏசி அதிகம் என்று சொல்லலாம். மகளைப் பற்றிக் கவலை என்று சொல்லலாம், எல்லா அப்பாவும் சொல்வதுதான். இரண்டுமே அவர் நாக்கில் தயாராக இருந்தன.

"அவ கை ஆடலம்மா. என்னோடது. அது அப்படித்தான் ஆடுது, இனிமே என்னால இந்த வேலை செய்ய முடியாது."

சொல்லிவிட்டார். சொல்வதற்கு இந்த ஊரிலேயே மிகக் கடினமான ஆள் அவள்தான்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சரி சார்" என்றாள். அவர்கள் இரண்டு பேருடைய கையையும் நாற்காலியின் கைப்பிடியிலிருந்து தூக்கி, மகளின் வயிற்றின்மேல் வைத்தாள். "இங்க வெச்சுக்கங்க. எனக்கு நாற்காலி ஆடாது."

மகள் தன் இன்னொரு கையையும் அதன்மேல் வைத்து மூடினாள். மூச்சு ஏறி இறங்கியது, கையும் அதோடு ஏறி இறங்கியது. நடுங்குவது எது, மூச்சு எது என்று அவருக்கே தெரியவில்லை. மெல்லிய கம்பி ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய் வந்தது. அந்தப் பெண்ணின் விரல்களை அவர் கண் எடுக்காமல் பார்த்தார். நல்ல கை. தன் கையைவிட நல்ல கை என்றுகூட ஒரு இடத்தில் தோன்றியது. அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது, நெஞ்சு வலிக்கவும் செய்தது. நாற்பது நிமிஷமும் மகள் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

"முடிஞ்சுது. வாயக் கொப்பளிங்க" என்றாள் இளம் டாக்டர்.

முப்பது வருஷமாக அவர் வாயிலிருந்து மட்டுமே வந்த வார்த்தை. இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டால் எவ்வளவு நல்ல வார்த்தை என்று அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. அவர் எழுந்து, குழாயில் தண்ணீர் பிடித்து, மகளின் வாயருகே டம்ளரைக் கொண்டுபோனார். பாதி அவள் கழுத்தில் சிந்தியது. மரத்துப்போன உதடோடு கோணலாகச் சிரித்தபடி, மீதியை அவள் வாங்கிக் கொப்பளித்தாள்.